தாடிக்குக் கிடைத்த காரணம்

ஃபேரர் பார்க்கில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரில் உட்கார்ந்தார்கள். நூல் போட்டு முடி எடுத்ததில் இளையவளின் முகவாய் சிவந்திருந்தது. கைபேசியைப் பார்த்தவள் திடீரென்று கத்தினாள்.

“அண்ணி, என் ரத்தத்துல ஆள் பத்தலையாம்! அதான் எனக்குத் தாடி!”

பக்கத்தில் நின்றவர் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினார்.

“மெதுவா பேசு லா. என்ன ஆளு?” என்றாள் அண்ணி.

“டாக்டர் சொன்னாங்கல்ல, ஆண் ஹார்மோனைப் பிடிச்சு வைக்கிற புரோட்டீன்னு? ரிசல்ட் வந்துருச்சு, அது கம்மி. போன தடவை ஹார்மோனை மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு நார்மல்னு அனுப்பிட்டாங்க. பிடிச்சு வைக்க ஆள் இல்லாம அது சும்மா சுத்துது, முடி வளருது.”

“பரீட்சையில பாஸான மாதிரி சிரிக்கிறியே!”

“வயசுக்கு வந்தப்போ ஒழுங்கா மஞ்சள் பூசியிருந்தா இது வந்திருக்காதுன்னு அம்மா தினமும் சொல்வாங்கல்ல? இத்தனை வருஷமா நானும் என் தப்புன்னுதான் நெனச்சேன், அண்ணி.”

அவள் குரல் உடைந்தது. அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் மாமியாரைக் கைபேசியில் அழைத்தாள்.

“அத்தை, நாந்தான். அவ மேல தப்பே இல்ல, ரத்தத்துலதான் குறை. டெஸ்ட்ல வந்துருச்சு. இனிமே அவளை ஒண்ணும் சொல்லக்கூடாது, சரியா? என்னது, நம்ம குடும்பத்துல யாருக்கும் கிடையாதா? அத்தை, உங்க முகவாயைக் கிட்டத்துல பார்த்தவ நான். அடுத்த வாரம் டாக்டர்கிட்ட நீங்களும் கூட வாங்க.”