பச்சைப் பொட்டலமும் ஒரு காலி ஃபைலும்

சர்வர் அறையில் நாற்காலி ஒன்றுதான், ஐயா. நீங்கள் உட்காருங்கள், நான் இந்த அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்துகொள்கிறேன். கொஞ்சம் குளிரும். இயந்திரத்துக்காக வைத்த குளிர் இது, மனிதர்கள் உட்கார்ந்து பேசுவதற்காக வைத்ததில்லை.

என் பெயர் டு சோங்-யுவான். இந்தத் தைச்சுங் நகரத்தில் தனியாக இருக்கும் வயதானவர்கள் கழுத்தில் மாட்டியிருக்கிறார்களே ஓர் அவசர பட்டன், அது எங்கள் நிறுவனத்துடையது. அமுக்கினால் மேல்மாடித் திரையில் சிவப்பாக வரும், உடனே ஆம்புலன்ஸ் போகும். மேலே நாள் முழுக்கப் பேச்சும் சிரிப்பும். நான் கீழே, பேக்கப் சர்வருக்குக் காவல். சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. நன்றாகவே பார்த்துக்கொண்டேன், அதனால் யாரும் வரவில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். என் சர்வர் அழுததே இல்லை.

வேலையைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு வாக்குமூலம் எழுத வசதியாக இருக்கும். யார் பட்டனை அமுக்கினாலும் அது முதலில் மேலே இருக்கும் சர்வரின் லாகில், அதாவது பதிவேட்டில், ஏறும். அந்த லாக் என் பேக்கப்புக்கு நகலான பிறகுதான் அங்கே இடம் காலியாகும். என்னிடம் இடம் இல்லையென்றால் நகலாகாது, மேலே லாக் நிரம்பிக்கொண்டே போகும். அடைத்துக்கொண்ட பாத்திரம் கழுவும் தொட்டிதான். நிரம்பிவிட்டால் புதிதாக ஒரு வரிகூட ஏறாது, எல்லாம் நின்றுவிடும். அதற்காக எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டிஸ்க்கில், உள்ளே ஒன்றுமே இல்லாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும் ஒரு பெரிய ஃபைலைப் போட்டு வைப்போம். நெருக்கடி வந்தால் அதை அழித்தால் போதும், இடம் கிடைத்துவிடும்.

ஒரு மத்தியானம் நிஜமாகவே நிரம்பிவிட்டது. என் கவனக்குறைவுதான். மேனேஜர் லாயும் மேல்மாடிப் பெண் பெய்-வென்னும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள்.

“யுவான் அண்ணே, என்னாச்சு? மேல எல்லாம் அப்படியே செத்துக் கெடக்கு!” என்றாள் பெய்-வென்.

காலி ஃபைலை அழித்தேன். உடனே சரியாகிவிட்டது.

“நீ மட்டும் இல்லேன்னா எங்க பொழப்பு நாறிடும்யா” என்று லாய் என் முதுகில் தட்டினார். பெய்-வென் கையிலிருந்த சூரியக் கேக்கை, நம்மூர் இனிப்பை, பிட்டுப் பாதியைக் கொடுத்தாள். “சாப்பிடுங்கண்ணே. இந்தக் குகையில எப்படித்தான் இருக்கீங்களோ. பேயே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் வரும் போல.”

நான் சிரித்தேன். சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் போன பிறகு அழுகை வந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன்பின் காலி ஃபைலைக் கொஞ்சம் பெரிதாக்கி வைக்கத் தொடங்கினேன். இருக்கும் இடத்தை அது தின்றுவிடும், லாக் சீக்கிரம் நிரம்பும். எல்லாரும் சாப்பிட்டுத் திரும்பிய நேரமாகப் பார்த்துக்கொள்வேன். ஓடி வருவார்கள், நான் காப்பாற்றுவேன், கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

அடிக்கடி நின்றதும் பெய்-வென் சர்வர்மேல் பச்சைப் பொட்டலம் வைத்தாள். உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டர்மேலும் ஒன்று இருக்குமே, ‘சமர்த்தாய் இரு’ என்று பெயர் போட்ட அந்தக் கொறிப்புத் தீனி, மேலே வைத்தால் இயந்திரம் மக்கர் பண்ணாது என்று நம்புவோமே. பச்சையாகத்தான் இருக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது, யாரும் பிரித்துத் தின்னக் கூடாது. தேதி முடியும் முன்பே அவள் புதியதை வாங்கி வந்து மாற்றினாள். பழையதை என் குப்பைக் கூடையில் போட்டாள். “இந்தத் தடவை ஒழுங்கா இருக்கும் பாருங்க” என்றாள்.

புதியதை நான் தின்றுவிட்டேன், ஐயா. எனக்கென்று யாரோ வாங்கி வந்த மாதிரி இருந்தது. தேங்காய் வாசனை. பிறகு பழையதைக் கூடையிலிருந்து எடுத்துத் துடைத்து மேலே வைத்தேன்.

சில நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை லாக் நிரம்பியது. லாய் வந்தார், பெய்-வென் வந்தாள், வழக்கமாக வராத இரண்டு பேரும் வந்தார்கள். அறையே நிறைந்திருந்தது. யாரோ பால் டீகூடக் கொண்டுவந்தார். என் மேசையில் சிக்னல் பெட்டி ஒன்று இருக்கிறது பாருங்கள், அதில் சிவப்பு விளக்கு மினுக்கியது. எந்த வீடு என்று அதில் தெரியாது. யாரோ ஒருவர் அமுக்குகிறார், எழுத இடமில்லாமல் அங்கேயே தேங்கி நிற்கிறது என்று தெரியும். பெட்டிமேல் ஒரு துணியைப் போட்டேன்.

“சீக்கிரம் பாருய்யா” என்றார் லாய்.

“பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

பெய்-வென் அவள் பூனையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. அது முடிந்ததும்தான் ஃபைலை அழித்தேன்.

தேங்கியதெல்லாம் திரையில் ஏறியது. எல்லாம் ஒரே வீடு. ஃபெங்யுவான் பகுதியில் தனியாக இருந்த ஜியான் என்ற பழைய பஸ் டிரைவர். அமுக்கியிருக்கிறார், மறுபடி அமுக்கியிருக்கிறார், கடைசியில் நிறுத்திவிட்டார். ஆம்புலன்ஸ் போனபோது உடம்பு இன்னும் சூடாக இருந்ததாம்.

லாய் பொட்டலத்தைத் தூக்கித் தேதியைப் பார்த்தார், தாண்டியிருந்தது. “யாருடா இதை மாத்தாம விட்டது?” வெறும் கோபப் பேச்சுதான், ஆனால் பெய்-வென் வெளுத்துப்போனாள். “தேதி பாக்காம வாங்கிட்டேனோ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். விசாரித்தவர்கள் இயந்திரக் கோளாறு என்று எழுதி மூடிவிட்டார்கள். அவள் மட்டும் நம்பவில்லை. வாரா வாரம் புதுப் பொட்டலத்தோடு வந்து, நான் இப்போது உட்கார்ந்திருக்கும் பெட்டிமேல் உட்கார்ந்து அழுவாள். “ஒன் தப்பு இல்லம்மா” என்று ஆறுதல் சொல்வேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல நாட்கள் இருந்ததில்லை.

பிறகு வேலையை விட்டுவிட்டுத் தூரத்து ஹுவாலியெனுக்குப் போய்விட்டாள். போனையும் எடுப்பதில்லை.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நானாகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். பாவம், அந்தப் பெண் செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு திரிகிறாள். அவள் மனம் ஆற வேண்டும், வேறு காரணம் கிடையாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

சாட்சி சொல்ல அவளைக் கூப்பிடுவீர்கள்தானே, ஐயா?