ஆறு மணிக் கிண்ணம்

கிளிக்கு மிளகாய் உறைக்காது, இன்ஸ்பெக்டர் மேடம். நிறையப் பேருக்கு இது தெரியாது. விதையோடு கொடுத்தாலும் வெள்ளரிப் பிஞ்சைத் தின்பது போலத் தின்னும். வெளியே கூண்டில் இருப்பதற்கு ஏதாவது கொடுப்பதாக இருந்தால் பச்சை மிளகாயே கொடுக்கச் சொல்லுங்கள். பிஸ்கட் வேண்டாம்.

கிளி வளர்ப்பது சட்டப்படி தவறு என்று எனக்குத் தெரியும். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அடைத்து வைத்தேன் என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். மூன்று வருடமாக அந்தக் கூண்டின் கதவு திறந்தே கிடக்கிறது. றெக்கையை நான் வெட்டவில்லை, அது சோம்பேறிகளின் வேலை. காலையில் பறந்து போகும், சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக வந்து உள்ளே உட்காரும். எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

"கலியமூர்த்தி, கிளிக் கதையெல்லாம் வேணாம். பொண்ணு விஷயத்துக்கு வாங்க" என்கிறீர்கள். வந்துகொண்டுதான் இருக்கிறேன். எப்படிப் பழக்கினேன் என்று தெரியாமல் மற்றது உங்களுக்குப் புரியாது.

நான் முப்பது வருடமாகப் பீங்கான் பட்டறையில் மோல்டு வேலை செய்கிறவன். களிக்குழம்பைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவோம். அச்சு தண்ணீரைக் குடிக்கும். அதன் சுவரோரம் களி கெட்டிப்படும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்து ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொருள் கொஞ்சம் சுருங்கி, தானாகவே அச்சைவிட்டு விலகும். அவசரப்பட்டு இழுத்தால் கிழியும். புதிதாக வருகிற எல்லோரும் இழுப்பார்கள். நான் இழுத்ததில்லை. நமக்கு வேண்டியதை அதுவாகவே செய்யும்படி விடுவதுதான் இந்தத் தொழில்.

கிளியும் அப்படித்தான். கையால் பிடித்தால் அது கையைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். நான் ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. காலையில் தீனி வைக்காமல் பறக்க விட்டுவிடுவேன். சாயங்காலம் தினையும் கொய்யாத் துண்டும் கூண்டுக்குள் மட்டும்தான். அதற்காகவே ஒரு சின்னக் கிண்ணம் வார்த்துச் சுட்டேன். சரியாக வேகாத பீங்கானைத் தட்டினால் சத்தம் மொத்தென்று விழுந்துவிடும். நன்றாக வெந்தது மணிபோல் ஒலித்து, அந்த ஒலி காற்றில் கொஞ்சம் நிற்கும். அந்தக் கிண்ணத்தைப் போல ஒலிக்கிற சாமான் நான் இன்னொன்று செய்ததில்லை. உங்கள் மேசைமேல் இருக்கிறதே, அதுதான். ஆறு மணிக்குக் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டுவேன். கிளி இரண்டு சீழ்க்கை அடித்துக்கொண்டு வந்துவிடும்.

ஆனால் பசி மட்டும் போதாது. ஒருநாள் அது பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் எவ்வளவு தட்டியும் வரவில்லை. பூவும் பிஞ்சும் தின்றே வயிறு நிறைந்திருக்கிறது. அப்போதுதான் புரிந்தது, கூண்டு நன்றாக இருந்தால் மட்டும் ஆகாது, வெளியும் கெட்டதாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்புஜவல்லி ஒரு பூனை வளர்க்கிறாள். பூனையை நான் ஏவவில்லை. முருங்கைக் கிளையின் கவட்டில் ஒரு துண்டுக் கருவாடு வைத்தேன். பூனை தன் வேலையைத் தானே பார்த்தது. கிளி வாலில் இரண்டு இறகை விட்டுவிட்டு நேராகக் கூண்டுக்குள் வந்து, நடுங்கிக்கொண்டு மூலையில் ஒட்டிக்கொண்டது. நான் அப்போதும் கதவைச் சாத்தவில்லை. தினையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

என் மகள் வெண்பா அப்போது வீட்டில்தான் இருந்தாள். "என்னப்பா இது, தொறந்தே கெடக்குது, போவவே மாட்டேங்குதே?" என்று கேட்டாள். "இதான் தன் வூடுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சும்மா" என்றேன்.

பூட்டுவது தப்பு என்பதை நான் கிளியிடம் கற்கவில்லை. என் மனைவி பூவாயியிடம் கற்றேன். அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். வெண்பாவுக்கு அப்போது ஏழு வயது. ஒருநாள் பூட்ட மறந்தேன். அன்றைக்கே பூவாயி வேப்பூர் பஸ் ஏறிவிட்டாள். பூட்டினால் அப்படித்தான், மேடம். உள்ளே இருப்பவர் எந்நேரமும் பூட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் செய்த ஒரே தவறு அதுதான். அதை இரண்டாவது முறை செய்யவில்லை.

வெண்பா புதுச்சேரியில் வேலைக்குப் போகிறேன் என்றபோது பெட்டியை நான்தான் தூக்கிப் போய் பஸ்ஸில் வைத்தேன். கூட வேலை பார்க்கிற திட்டக்குடிப் பையன் தமிழ்மணியைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோதும் சரி என்றேன். முடியாது என்கிற அப்பனை விட்டுப் போவது சுலபம். சரி என்கிறவனை விட்டு எப்படிப் போவது? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சாதிக்காகச் செய்தேன் என்று எழுதாதீர்கள். அது என்னைக் குறைத்து எடைபோடுவது. சொந்தத்திலேயே பார்த்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

வேறொரு பெயரில் ஒரு சிம் வாங்கினேன். தினமும் ஆறு மணிக்கு அவளைக் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் இருப்பேன். பிறகு ஒரு வரி அனுப்புவேன். இன்றைக்கு மஞ்சள் சுடிதார், நன்றாக இருக்கிறது, அந்த மாதிரி. அவள் தினமும் காலையில் வீடியோவில் என்னைக் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அதனால் அது எனக்குச் சிரமமாக இல்லை. அசிங்கமாக ஒரு வார்த்தைகூட எழுதியதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். நம்பரை மாற்றினாள். புது நம்பர் ஹாஸ்டல் வார்டனுக்கும் தமிழ்மணிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மறுநாளும் ஆறு மணிக்குக் கூப்பிட்டேன்.

அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். "அப்பா, அவராத்தான் இருக்குமோப்பா?" என்று கேட்டாள். "சேச்சே, அவன் நல்ல பையம்மா, அவனா இருக்காது" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். ஒரு பெயர் மனதில் உட்கார வேண்டுமென்றால் அதை மறுத்துச் சொல்ல வேண்டும். போலீசுக்குப் போகட்டுமா என்றாள். "வேணாம்மா, பேரு கெட்டுப்பூடும். வூட்டுக்கு வந்து நாலு நாளு இருந்துட்டுப் போ" என்றேன். வந்தாள். நாலு நாள் எட்டு மாதம் ஆயிற்று. கதவு திறந்துதான் இருந்தது. தெருமுனைக் கடைக்குக்கூட அவள் போகவில்லை. கிண்ணத்தைத் தட்டினால் அறையிலிருந்து அவளும் எழுந்து கூடத்துக்கு வந்துவிடுவாள். நான் அவளுக்குப் பழக்கவே இல்லை, அதுவாக வந்தது.

இப்போது தமிழ்மணி. கம்மாபுரத்தில் இருக்கிற என் தம்பி மாணிக்கவேல் எங்கள் வீட்டுக்கு வந்தபோது வெண்பாவின் முகத்தைப் பார்த்தான். "யாருண்ணே அவன்? பேர மட்டும் சொல்லு" என்றான். "தெரியலடா. நம்பரு மூணு பேருக்குத்தான் தெரியுமாம். அந்தத் திட்டக்குடிப் பையனா இருக்காது" என்றேன். தம்பியையும் நான் ஏவவில்லை. அவனும் இன்னும் இரண்டு பேரும் பைக்கில் போய் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தமிழ்மணியை மடக்கியிருக்கிறார்கள். அடி தலையில் பட்டுவிட்டது. விழுந்து அடிபட்டதாகச் சொல்லி ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பயந்துபோய் அந்தக் குடும்பமும் அப்படியே சொல்லிவிட்டது.

நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நம்ப மாட்டீர்கள், அந்தப் பையன் எழுந்து உட்காரப் பார்த்தான். "சார், நான் அனுப்பல சார். வெண்பாகிட்ட அத மட்டும் சொல்லிடுங்க" என்றான். "சொல்றேன் தம்பி. நீ பேசாத, படு" என்றேன். போர்வையை இழுத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் இறந்தான். அவன் சொன்னதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே அவள் ஓடியிருப்பாள்.

என்னைப் பிடித்தது நீங்கள் இல்லை, மேடம். தப்பாக நினைக்காதீர்கள். கூப்பிடும்போது நான் வாயைத்தான் மூடிக்கொண்டிருந்தேன். கிண்ணத்தை மறந்துவிட்டேன். ஒரு கையில் போன், மறு கையில் கரண்டி. ஆறு மணி ஆனால் என் கை தானாகத் தட்டிவிடும். தினமும் செய்கிற வேலையின் சத்தம் செய்கிறவன் காதில் விழாது. வருகிற அழைப்பையெல்லாம் பதிவு செய்துவை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது தமிழ்மணிதானாம். அப்போதெல்லாம் அழைப்பை எடுத்ததும் பயத்தில் காதில் வைக்காமலே போனைக் கீழே வைத்துவிடுவாளாம், பதிவையும் கேட்டுப் பார்க்கவில்லை. நேற்று அவன் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்து, பழைய பதிவுகளைத் துழாவியிருக்கிறாள். அதில் என்னுடையது ஒன்று வந்துவிட்டது.

நான் வழக்கம்போல ஆறு மணிக்குத் தட்டினேன். கிளி சீழ்க்கையடித்துக்கொண்டு உள்ளே போயிற்று. வெண்பா அறை வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இன்னொரு வாட்டி தட்டுப்பா."

கிண்ணத்தின் ஒலி அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். தட்டினேன். கிளி மறுபடியும் இரண்டு சீழ்க்கை அடித்தது. அவள் போனைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைத் தேடினாள். எட்டு மாதமாகப் போடாத செருப்பு, தூசியைக்கூடத் தட்டவில்லை.

"எங்கம்மா போற?"

"கடைக்குப்பா."

நான் தடுக்கவில்லை. தடுக்கக் கூடாது, அதுதான் முறை. நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். கூப்பிட்டது நான். அனுப்பியது நான். அந்த சிம் தினை டப்பாவின் அடியில் இருக்கிறது. தமிழ்மணி செத்ததும் என்னால்தான், என் தம்பி வெறும் கருவி. இதில் எதற்கும் நான் வருத்தப்படவில்லை, அதையும் எழுதுங்கள். எட்டு மாதம் என் மகள் பத்திரமாக இருந்தாள். அவளை நான் ஒருநாளும் பூட்டவில்லை, ஒரு அடி அடித்ததில்லை. வீட்டுக்கு சீல் வைத்துவிடாதீர்கள். அவள் வரும்போது கதவு திறந்திருக்க வேண்டும்.

வெளியே பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்கிறாள்? கூண்டும் அந்த வராந்தாவில்தான் இருக்கிறது. மணி ஆறாகப் போகிறது. அந்தக் கிண்ணத்தை இப்படிக் கொஞ்சம் தள்ளுங்கள், பேனாவால் தட்டினாலே போதும். மூன்று தட்டு. பாருங்கள்.

கிளி சீழ்க்கையடிக்கிறது, கேட்டதா? வெண்பாவுக்குக் கேட்டிருக்காது. இங்கே ஃபேன் சத்தம் அதிகம். அதை நிறுத்தச் சொல்லுங்கள் மேடம், இன்னொரு தடவை தட்டுகிறேன்.