வேலியில் பூத்த மஞ்சள்

வசந்தாமணி: நிறுத்து சாமி! ஜேசிபிய அக்கட்டால தள்ளு. அந்தக் கொடியில பூ வந்திருக்குது.

கதிர்வேல்: என்ற பொண்டாட்டி பேச்சக் கேட்டா வேலி இங்கயேதான் நிக்கும். அது வேலிப்பருத்தி புள்ள, சங்ககிரி பூரா கெடக்குது. நீ வண்டிய எடுப்பா சின்னப்பராஜு.

வசந்தாமணி: வேலிப்பருத்திக் காயில மெத்துமெத்துன்னு முள்ளு இருக்குமுங்க. இது வழவழன்னு கொம்பாட்டம் இருக்குது. பூவப் பாருங்க... மொளகுத் தண்டி, மஞ்சளா, கணுவுக்குக் கணு கொத்து.

கதிர்வேல்: கிள்ளுனா வேலிப்பருத்தியாட்டம் பாலு வருதில்ல?

வசந்தாமணி: எருக்கஞ்செடியிலயுந்தான் வருது. இது சிறுகுறிஞ்சானுங்க. உங்க சுகருக்கு...

கதிர்வேல்: ஆரம்பிச்சிட்டயா! லாரி நிறுத்தச் செவுரு கட்டலாம்னா, நீ வைத்தியசாலை கட்டு.

வசந்தாமணி: களியும் கீரையுமாத் தின்னும் சுகர் எறங்க மாட்டேங்குதே, ஏனுங்க?

கதிர்வேல்: ...எங்கப்பன் குடுத்த சொத்து.

வசந்தாமணி: சரி, ஒரே பேச்சு. தழைய மெல்லுங்க, அப்பறம் சக்கரை தின்னுங்க. இனிச்சா வேலிய எடுங்க. இனிக்காட்டி குறிஞ்சான், கொடி நிக்கோணும்.

கதிர்வேல்: வெசமா இருந்தா?

வசந்தாமணி: செவுத்துச் செலவு மிச்சம்.

கதிர்வேல்: நல்லா யாவாரம் பேசற! குடு... த்தூ, கசப்பு. எங்க சக்கரை?

வசந்தாமணி: நம்மூட்ல ஏது? பக்கத்துல மயிலம்மா ஊட்ல வாங்கிட்டு வாரேன்.

சின்னப்பராஜ்: அண்ணா... வேட்டியத் தூக்கி அண்டராயர் பையில என்னங்ணா தேடறீங்க?

கதிர்வேல்: மெதுவாப் பேசு. கமர்கட்டு. சக்கரை வர்ற வரைக்கும் ஆரு பொறுக்கறது? நெசமாவே இனிக்காதான்னு... இந்தா, உனக்கொண்ணு. வாய மூடிக்க.

சின்னப்பராஜ்: எனக்கு இனிக்குதுங்ணா.

கதிர்வேல்: அடேயப்பா... கூழாங்கல்லச் சப்பறாப்பல இருக்குது! இரு, இன்னொண்ணு... இதுவும் கல்லுதான்!

வசந்தாமணி: என்னங்க, கன்னம் ரெண்டும் உப்பியிருக்குது?

கதிர்வேல்: தழை... தழை புள்ள. குறிஞ்சானேதான். கொடி நிக்கட்டும்.

வசந்தாமணி: சக்கரை இன்னும் என்ற கைக்குள்ளயே இருக்குது. அதுக்குள்ள எப்படிங்க தெரிஞ்சுது?

கதிர்வேல்: கசப்ப வெச்சுத்தான்... உனக்கு மட்டும் எப்படி அத்தன உறுதி?

வசந்தாமணி: போன வாரமே மென்னுட்டு கடையில டீ குடிச்சுப் பாத்துட்டேனுங்க, வெந்நி மாதிரி இருந்துச்சு. இந்தாங்க, கைய விரிச்சுக் காட்டறேன்... சக்கரையே இல்ல. மயிலம்மா ஊட்டுக்கு நான் போகவும் இல்ல, அந்தப் புளியமரத்துக்குப் பின்னாலதான் நின்னேன். கொடி எதுன்னு அப்பவே தெரியுமுங்க... கமர்கட்டு எந்தப் பையிலன்னுதான் தெரியாம இருந்துச்சு.