எழுபத்திரண்டு மதிப்பெண்

இந்தப் பூங்காவுக்கு வாரத்தில் எத்தனை நாள் வருகிறீர்கள் என்பது உங்கள் முதல் கேள்வி. ஏழு நாளும் வருகிறேன். வீட்டிலிருந்து நடந்துவர எவ்வளவு நேரம் ஆகும் என்பது இரண்டாவது. நான்கு நிமிடம், வழியில் யாராவது அகப்பட்டால் நாற்பது. இருபது கேள்விகளுக்கும் கட்டத்துக்குள்ளேயே பதில் எழுதிவிட்டேன். இருபத்தோராவதாக, 'பூங்காவையும் வாசிப்பறையையும் மக்கள் பயன்படுத்தாததற்குக் காரணம் என்ன?' என்று கேட்டுவிட்டு இரண்டே கோடு விட்டிருக்கிறீர்கள். இரண்டு கோட்டில் ஒரு தும்மலைக்கூட எழுத முடியாது. ஆகவே தனித்தாள் இணைத்திருக்கிறேன்.

மாநகராட்சியிலிருந்து படிவம் கொடுக்க வந்த பெண்ணிடம் வாயாலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் இப்போதே வேலையை விடச் சொல்கிறார்கள், செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறாள். இத்தனையும் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் சொன்னாள். அவள் தலையில் இதையும் ஏற்ற மனம் வரவில்லை.

என்னைத் தெருவில் வம்புக்காரி என்பார்கள். நலச்சங்கத் தலைவி என்றும் சொல்வார்கள், ஏதாவது காரியம் ஆக வேண்டியிருந்தால். வம்புக்கும் உங்கள் கணக்கெடுப்புக்கும் என்ன பெரிய வித்தியாசம்? உங்களிடம் படிவம் இருக்கிறது, என்னிடம் ஜன்னல் இருக்கிறது. யார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், எந்தக் கையில் பையை வைத்திருக்கிறார்கள், யாரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் மாறுகிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை நல்ல காரியத்துக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

இப்போது பூங்கா இருக்கும் இடத்தில் முன்பு ஒரு பள்ளம் இருந்தது. யாரோ பெரிய கட்டடம் கட்டுவதாகத் தோண்டிவிட்டுப் போனார்கள். பதினோரு வருடத் தண்ணீர் அதில் தேங்கி, மேலே பச்சையாக ஏடு படர்ந்திருக்கும். அதன் கரையோரமாகத்தான் எங்கள் தெருவுக்கும் பெரிய சாலைக்கும் குறுக்கு வழி. வழியின் கோடியில் ஓர் இரும்பு விளக்குக் கம்பம் உண்டு, விளக்குதான் கிடையாது. நாங்களாகவே குச்சிகள் நட்டு, இடுப்பு உயரத்தில் துணிக்கயிறு கட்டி, அதன் கடைசி நுனியை அந்தக் கம்பத்தில் முடிந்திருந்தோம். தையல்காரம்மா தன் கடை வெட்டுத்துணிகளை மூட்டையாகக் கொடுத்தாள். மூன்றிழையாகப் பின்னியது நான். ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சு. வெளிச்சம் இல்லாத வேளையில் கயிற்றைத் தடவி முடிச்சை எண்ணிக்கொண்டே போவது எங்கள் தெருப் பழக்கம். இருபத்தாறாவது முடிச்சில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அது பாடம்.

அந்த இடத்தில் பூங்கா வேண்டும், ஓர் ஓரமாக வாசிப்பறை வேண்டும், மேடை ஒன்று இருந்தால் பாட்டுக்கும் நாடகத்துக்கும் ஆகும் என்று ஆறு வருடம் மனு எழுதினேன். மனுக்களைத் திருத்திக் கொடுத்தவர் தையல்காரம்மாவின் அண்ணன். அச்சகத்தில் பிழை திருத்திப் பிழை திருத்தி முதுகு வளைந்துபோனவர். தெருவில் 'கமா' என்றுதான் அவருக்குப் பெயர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எந்தப் பெண்ணிடம் என்ன பிழை கண்டாரோ, அதை மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தலைவரே, மேல மாண்புமிகுன்னு போட்டிருக்கீங்க, கீழ கண்ணு தெரியலையான்னு திட்டியிருக்கீங்க. ரெண்டுல ஒண்ணை எடுத்துருங்க" என்பார்.

"நீங்க எதை எடுக்கச் சொல்றீங்க?"

"என்னைக் கேட்டா மாண்புமிகுவை எடுக்கலாம்."

கண் தெரியாததைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு. இரண்டு கண்ணிலும் புரை. ஆனாலும் விடியற்காலை ஐந்தரைக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெரிய சாலைப் பேப்பர் கடைக்குப் போய்விடுவார். கட்டுப் பிரித்ததும் எல்லாப் பத்திரிகைகளையும் பூதக்கண்ணாடி வைத்து ஓசியில் படிப்பார். நூலகம் என்றால் இரண்டு பேருந்து மாற வேண்டும். "வாசிப்பறை வந்தா வலது பக்கமா ஒரு நல்ல விளக்கு போடச் சொல்லுங்க தலைவரே, நான் வேற எதுவும் கேக்கல" என்று ஒவ்வொரு மனுவிலும் அதைச் சேர்க்க வைத்தார்.

ஒருவழியாக உங்கள் பத்தாண்டுத் திட்டம் வந்தது. உங்கள் அலுவலகத்திலிருந்து அளக்க வந்தவரை நாங்கள் 'டேப்பு' என்போம். இடுப்பில் அளவுநாடா இல்லாமல் அவரை அவர் மனைவிகூடப் பார்த்திருக்க மாட்டாள். அவர்தான் அட்டவணையைக் காட்டினார். நகரம் முழுக்க எந்தப் பேட்டைக்கு எது தேவை என்று மதிப்பெண் போட்டு முடிவு செய்கிறார்கள். எழுபது எடுத்தால் திட்டத்தில் இடம். மக்கள்தொகைக்கு இவ்வளவு, அருகில் நூலகம் இல்லாததற்கு இவ்வளவு என்று கூட்டிக்கொண்டே வந்து ஐம்பத்தேழில் நிறுத்தினார்.

ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. 'திறந்தவெளியால் ஏற்பட்ட பாதிப்பு, கடந்த மூன்றாண்டுகள். காயம்: 5 மதிப்பெண். பதிவான உயிரிழப்பு: 15.'

"இதுல ஒண்ணும் போட முடியாதா?" என்று கேட்டேன்.

"என்ன மேடம் போடறது? ஏதாவது நடந்திருந்தா எழுதலாம். உங்க ஏரியால ஒண்ணுமே நடக்கலையே" என்றார். ஏதோ நாங்கள் ஒழுங்காகப் படிக்காத பிள்ளைகள் மாதிரி.

நான் எதையும் அவசரப்பட்டு முடிவு செய்கிறவள் அல்ல. முதலில் காயத்தைத்தான் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தேழும் ஐந்தும் அறுபத்திரண்டு. போதவில்லை. அதற்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் எழுபத்திரண்டு. பட்டியல் இறுதியாவதற்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அந்த வழியைப் பயன்படுத்துகிறவர்களை ஒரு தாளில் எழுதினேன். ஆளைப் பார்த்துப் பிடித்தம், பிடிக்காதது என்று எதுவும் இல்லை, நீங்கள் செய்வது போலத்தான். நர்ஸ் பெண்ணின் அம்மா படுத்த படுக்கை, அடித்துவிட்டேன். ஓடு பதிப்பவருக்கு மூன்று குழந்தைகள், அடித்துவிட்டேன். முனைவீட்டுக்காரர் போனால் வீடு நிம்மதியாக இருக்கும் என்று அவர் மனைவியே சொல்வாள், ஆனால் கூட வரும் நாய் குரைத்துத் தெருவைக் கூட்டிவிடும். நியாயம் என்றால் நியாயம், என் பெயரையும் எழுதினேன். ஆனால் அதற்குப் பிறகு கடிதப் போக்குவரத்தை யார் பார்ப்பது? அதனால் அதையும் அடிக்க வேண்டியதாயிற்று.

மிச்சம் இருந்தது கமா. பெண்டாட்டி பிள்ளை இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், இந்த வாசிப்பறையை என்னைவிட அதிகமாக விரும்பியவர் அவர் ஒருவர்தான். விஷயத்தை விளக்கிக் கேட்டிருந்தால் அவரே சம்மதித்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன். கேட்கவில்லை. அது மரியாதைக் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் சாயங்காலம் தெருவில் ஈ காக்காய் இல்லை. குடையோடு போய், திருப்பத்துக்கு முன்னால் இருந்த மூன்று குச்சிகளைப் பிடுங்கி, ஒவ்வொன்றையும் ஒரு முழம் பள்ளத்துப் பக்கமாக நட்டேன். மண் இளகியிருந்ததால் சிரமம் இல்லை. காலையில் அவருக்கு முன்னால் அந்த வழியில் யாரும் வருவதில்லை. ஐந்து வருட ஜன்னல் அனுபவத்தில் சொல்கிறேன். மறுநாள் ஐந்தரைக்கு நான் வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் பெண் வேலை முடிந்து ஏழு மணிக்குத் திரும்பும்போது பார்த்துவிட்டு அலறினாள். கயிறு அவர் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அத்தனை குச்சிகளும் பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் மிதந்தன. கயிறு இற்றுப் போயிருந்தது, பிடி கொடுக்கவில்லை என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். நுனியை எடுத்துப் பார்த்திருந்தால் அறுந்ததா அவிழ்ந்ததா என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. அவர்கள் படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை போலிருக்கிறது.

டேப்பு துக்கம் விசாரிக்க வந்தார். அளவுநாடாவை அன்றைக்கு மட்டும் சட்டைக்குள் மறைத்திருந்தார். "எழுபத்திரண்டு மேடம்" என்று என் காதருகில் மெல்லச் சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனிதர்.

பதினான்கு மாதத்தில் பள்ளத்தை மூடிப் பூங்கா வந்தது. ஆறு பெஞ்சு, ஒரு சறுக்குமரம், சின்ன மேடை, வாசிப்பறை. திறப்பு விழாவில் நான்தான் அவரைப் பற்றிப் பேசினேன். முன்வரிசையில் அழாத ஆள் இல்லை. வலது பக்கம் விளக்கும் போட வைத்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் நான்.

ஆனால் ஆட்கள் வரவில்லை. இதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை, எல்லாவற்றையும் யோசித்தவள் இதைக் கோட்டை விட்டேன். அம்மாக்கள் பிள்ளைகளைச் சறுக்குமரத்திலிருந்து தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறார்கள். "அந்த எடம் ஆளைக் கேக்குது" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். யாரென்று எனக்குத் தெரியும், அது வேறு கதை. வாசிப்பறை வருகைப் பதிவேட்டில் ஒரு நாளைக்கு முப்பது கையெழுத்து பார்த்திருப்பீர்கள். அதில் இருபத்தொன்பது நான் போட்டது. இடது கையாலும் போட்டிருக்கிறேன்.

ஒரு நாளைக்கு நாற்பது பேர் வராவிட்டால் இடத்தை வண்டி நிறுத்த விட்டுவிடுவோம் என்று உங்கள் அறிவிப்பு சொல்கிறது. அதை ஆதரித்து ஒரு மனுவும் ஓடுகிறது. முதல் கையெழுத்து தையல்காரம்மா. போன வாரம் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"இதை மூடட்டும்க்கா. பாக்கப் பாக்க வயிறு எரியுது."

"உங்க அண்ணன் ஆசைப்பட்ட எடம்மா இது."

"என் துணிதானேக்கா இத்துப்போச்சு? மழையில கெடந்த மூட்டை அது. ஈரம் காயாமயே உங்ககிட்ட குடுத்தேன். உதறிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அவன் என் கயித்தை நம்பித்தானே போனான்?" என்றாள். இனித் துணியையே தொட மாட்டேன் என்று கடையையும் மூடிவிட்டாள். ஆள் பாதியாகிவிட்டாள்.

"விடும்மா, யாருக்கு என்ன தெரியும்" என்று சொல்லி அனுப்பினேன். வேறு என்ன சொல்வது?

அன்றிலிருந்து யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். இடத்தின் மேல் தப்பில்லை என்று தெரிந்தால் மக்கள் வருவார்கள். துணியின் மேல் தப்பில்லை என்று தெரிந்தால் தையல்காரம்மா கையெழுத்தை வாபஸ் வாங்குவாள். செய்தது நான். இதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள், பெரிய எழுத்தில். மதிப்பெண்ணைக் குறைக்க உங்களால் முடியாது. விதியைப் பலமுறை படித்துவிட்டேன். 'பதிவான உயிரிழப்பு' என்றுதான் இருக்கிறதே தவிர, எப்படி என்று கேட்கவில்லை.

ஒரு திருத்தம். கமா இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். அந்தக் காலையில் வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்ததாக மேலே எழுதியிருக்கிறேன். அது நர்ஸ் பெண் அலறியபோது. ஐந்தரைக்கு நான் விளக்குக் கம்பத்தடியில் நின்றிருந்தேன். காரியம் சரியாக நடக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமல்லவா? முடிச்சை எண்ணிக்கொண்டே வந்தார். இருபத்து நான்கு என்று சொன்னது கேட்டது. பிறகு மண் சரிந்தது. குச்சிகள் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு போயின. கம்பத்தில் கட்டியிருந்த நுனி மட்டும் அசையவில்லை. அவர் கழுத்தளவு தண்ணீரில், இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, புரைக்கண்ணால் நான் இருந்த திசையைப் பார்த்தார்.

"தலைவரே, நீங்களா? நல்லவேளை. கயிறு கெட்டியாத்தான் இருக்கு, இழுங்க."

தையல்காரம்மாவிடம் தவறாமல் சொல்லுங்கள், துணி இற்றுப் போகவே இல்லை. யானையைக் கட்டியிழுக்கலாம், அப்படி ஒரு கயிறு. இழுத்திருந்தால் முழங்கைச் சிராய்ப்போடு கரை ஏறியிருப்பார்.

நான் கம்பத்தில் இருந்த முடிச்சை அவிழ்த்தேன். அறுபத்திரண்டை வைத்துக்கொண்டு ஒரு பெஞ்சுகூடப் போட முடியாது.