ஓரிக்கை வில்லும் இன்ஸ்பெக்டர் தொப்பியும்

பிரஜோத்பத்தி வருஷம் ஆனி மாதம், காஞ்சீபுரம் ஸப் மாஜிஸ்டிரேட் அவர்கள் முன்னிலையில், குற்றம் சாட்டப்பட்ட எதிரி தன் வாயால் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதிய வாக்குமூலம்.

பெயர்: மயில்வாகனம். தகப்பனார் பெயர்: கச்சபேசன். வயது: நாற்பத்திரண்டு. தொழில்: பட்டு நெசவு. இருப்பிடம்: பிள்ளையார்பாளையம், திரௌபதியம்மன் கோவிலுக்குப் பின் தெரு.

நான் மேற்படி இருப்பிடத்தில் என் மனைவி அங்கம்மாளுடன் குடியிருந்து சொந்தத் தறியில் சேலை நெய்து வருகிறேன். எங்கள் தெரு திரௌபதியம்மனுக்கு வருஷந்தோறும் நடக்கும் பாரதத் திருவிழாவில் அர்ச்சுனன் வேஷம் என்னுடையது. அம்மன் கல்யாணத்தன்று சாயங்காலம் அர்ச்சுனன் வில்லை வளைத்துக் கம்பத்தின் உச்சியில் தொங்கும் மீனை அடித்து வீழ்த்த வேண்டும், மீன் விழுந்த பிறகுதான் அம்மனுக்குத் தாலி கட்டுவார்கள். மீன் விழாவிட்டால் தாலி இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் போலீஸார் தொப்பியைப் பற்றியே கேட்டார்களே தவிர மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இத்தனை வருஷமும் நான் அம்பை விட்டதில்லை. நாணை இழுத்துப் பாவனை செய்வேன், அம்பு என் விரலிடுக்கிலேயே இருக்கும், கம்பத்துக்குப் பின்னால் தட்டி மறைவில் உட்கார்ந்திருக்கும் உமாபதி ஒரு கயிற்றை இழுப்பான், மீன் விழும், ஜனங்கள் "கோவிந்தா" போடுவார்கள், எனக்கு மாலை விழும். உமாபதி எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன், சிறு வயது முதல் சிநேகிதன். அவன் ஒவ்வொரு வருஷமும் மாலையைப் பார்த்து, "மீனைத் தள்றவன் நானு, மாலை இன்னாத்துக்குபா உனக்கு?" என்று கேட்பான். என் மனைவியும் அவன் கட்சிதான். "ஆமா, பெரிய வில்லாளி! உமாபதி அண்ணன் மட்டும் கயித்த இழுக்கலேன்னா உங்க பவுசு இன்னான்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும்" என்பாள். வேஷத்தைக் கலைக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சொல்வாள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று, உள்ளுக்குள் எரிச்சலாகவும் இருந்தது.

வில் சங்கதி கேட்டதால் சொல்லுகிறேன். இதுவரை கோவிலில் இருந்தது சீமை வில். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டபோது முன்னோர்கள் எடுத்தது, கைப்பிடியில் பச்சை வெல்வெட்டு ஒட்டியிருக்கும், உள்பக்கம் லண்டன் கம்பெனி முத்திரை இருக்கும். நாங்கள் அதன்மேல் ஜிகினா ஒட்டிக் காண்டீபம் என்று சொல்லி வந்தோம். இந்த வருஷம் திருவிழாவுக்கு முன் கோவில் கமிட்டி கூடியபோது, தலைவர் சிட்டிபாபு நாயுடு, கோவிலுக்குள் சீமைச் சாமான் ஒன்றும் வரக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதன்படி சீமைக் காகிதம், சீமை ஜிகினா, சீமைச் சாயம் எல்லாம் தள்ளப்பட்டன. அதன் பிறகு நாயுடு வில்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "அர்ச்சுனன் கையிலே லண்டன் முத்திரையா? நல்லா இருக்குதுபா நம்ம பாரதம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாட்டு வில் வாங்கி வருவது என் பொறுப்பு என்று அந்த இடத்திலேயே சொன்னேன்.

அதன் பிறகு நான் ஓரிக்கையில் பாலாற்றங்கரையில் இருக்கும் தர்மன் என்பவரிடம் போனேன். அவர் மூங்கில் வேலைக்காரர், ஏணியும் கூடையும் முடைவார், மாந்தோப்புக் காவலுக்கு வில்லும் செய்து கொடுப்பார். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கூத்துக்கா, தோப்புக்கா?" என்று கேட்டார். கூத்துக்கு என்றேன். உள்ளே போய் ஒரு வில் கொண்டுவந்து கொடுத்தார். அது விளக்குமாற்றுக் குச்சி மாதிரி லேசாக இருந்தது. எனக்குக் கோபம் வந்து, "அர்ச்சுனன் இன்னா காக்கா ஓட்டவா போறான்? நெசமான வில்லு குடு" என்று சத்தம் போட்டேன். அதற்கு அவர் சிரித்துக்கொண்டே, அடுப்புக்கு மேல் புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு கெட்டி மூங்கில் வில்லை இறக்கிக் கொடுத்து, "நாண் பூட்டு பார்க்கலாம். பூட்டுனா எடுத்துக்கினு போ. பூட்டலேன்னா உனக்கு அந்தக் குச்சிதான்" என்றார்.

நான் பூட்டிப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு முனையைக் காலில் முட்டுக்கொடுத்துத் தொடையில் வளைத்தேன், வில் நழுவி என் முகவாயில் அடித்தது. தர்மன் வீட்டு ஆடுகள்கூட வேலிப் பக்கம் வந்து நின்று பார்த்தன. வேஷ்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் வளைத்தேன். கடைசியில் நாண் ஏறியது. அப்போது அந்த நாணை விரலால் சுண்டிப் பார்த்தேன், பாவு நூல் நன்றாக இழுபட்டுத் தறியில் நிற்கும்போது தட்டினால் வருகிற சத்தம் வந்தது. எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவர் கேட்டபடி விலைக்குப் பதிலாக அவர் மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டு ரவிக்கைத் துண்டு நெய்து தருவதாக ஒப்புக்கொண்டு, வில்லையும், கோழி இறகு கட்டி இரும்பு முனை வைத்த சில நாணல் அம்புகளையும் வாங்கிக்கொண்டேன். துண்டை நெய்து கொடுத்தும் விட்டேன்.

அந்த அம்பை எதற்காக வாங்கினாய், கூத்துக்கு முனையில்லாத அம்பு போதாதா என்று சர்க்கார் தரப்பில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வாங்கும்போதே என் மனசில் இருந்தது, இந்த வருஷம் மீனை நானே அடிப்பது என்று. இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, அங்கம்மாளிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு திருவிழா வரைக்கும் விடியற்காலையில் ஓரிக்கை மணலுக்குப் போய்ப் பழகினேன். தர்மன் ஒரு பழைய முறத்தைக் கம்பில் கட்டி வைப்பார். முதலில் அம்பு எங்கெங்கோ போயிற்று. ஒரு நாள் துணி துவைக்கிறவர்களுடைய பானை உடைந்தது, அவர்கள் என்னை வைதார்கள், வேறு பானை வாங்கிக் கொடுத்தேன். தர்மன் விழுந்து விழுந்து சிரித்து, "தாலி கட்டறதுக்குள்ள ஊர்ப் பானையெல்லாம் காலியாயிடும் போல இருக்குதுபா" என்றார். நாண் உரசி இடது முழங்கை உள்பக்கம் வீங்கியது. வீட்டில் கேட்டபோது தறியில் இடித்துக்கொண்டதாகச் சொன்னேன். போகப் போக முறத்தில் பட ஆரம்பித்தது. திருவிழா நெருங்கியபோது தர்மன் முறத்தின் நடுவே ஒரு எலுமிச்சம் பழத்தைச் செருகி வைத்தார், அதை அடித்தேன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை, "போய் வா" என்று மட்டும் சொன்னார்.

அம்மன் கல்யாணத்தன்று நடந்தது வருமாறு. காகிதம் கூடாது என்று தீர்மானம் ஆனதால் மீனைத் துணியில் செய்தார்கள். மூங்கில் கூட்டின்மேல் துணி போர்த்தியவள் என் மனைவி. கண்ணுக்கு வேறு ஒன்றும் கிடைக்காமல், தறியில் மிஞ்சிய அரக்குப் பட்டுத் துண்டை வட்டமாக வெட்டி நாலு தையல் போட்டு வைத்தாள். கம்பத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் பெரிய மனிதர்களுக்குப் பந்தல் போட்டிருந்தது, அதற்கும் பின்னால் தண்ணீரில்லாத குளம். மீன் உயரத்தில் இருப்பதால் அம்பு பந்தலைத் தாண்டிக் குளத்தில் போய் விழும் என்று நான் முன்னாலேயே நின்று பார்த்துக் கணக்குப் போட்டிருந்தேன். பந்தலில், கள்ளு சாராயக் கடைகளை மேற்பார்க்கும் ஆப்காரி இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புழுக்கத்துக்காகத் தம் தொப்பியைக் கழற்றி, தலைக்கு மேல் பந்தல் காலில் மாட்டியிருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது. என் கண்ணில் இருந்தது மீன் மட்டும்தான்.

நான் வில்லை வளைத்து நாண் பூட்டியபோதே ஜனங்கள் அடங்கிவிட்டார்கள். மற்ற வருஷங்களில் அந்த இடத்தில் கடலை தின்கிற சத்தம் கேட்கும். அதன் பிறகு அம்பைத் தொடுத்து, இழுத்து, கண்ணைப் பார்த்து விட்டேன். மீன் விழுந்தது, "கோவிந்தா" என்று சத்தம் எழுந்தது, கூடவே பந்தலில் ஒரு கூச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு சாய்ந்து கிடந்தார், அவர் தொப்பியை அம்பு பந்தல் காலோடு சேர்த்துத் தைத்திருந்தது. அவருக்குக் காயம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அவர் பயந்துபோனதற்கு நான் மனப்பூர்வமாக வருத்தப்படுகிறேன், அவரிடத்தில் எனக்கு விரோதம் கிடையாது. அம்மனுக்குத் தாலி கட்டினார்கள். ஹெட் கான்ஸ்டபிள் நல்ல மனிதர், நான் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு முடிக்கிற வரையில் காத்திருந்து பிறகுதான் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனார்.

இப்போது என்மேல் இரண்டு விதமாகச் சொல்லுகிறார்கள். இன்ஸ்பெக்டர் சொல்வது, கமிட்டி தீர்மானத்தின்படி தள்ளியது போகப் பந்தலில் மிச்சமிருந்த ஒரே சீமைச் சாமான் தம் தொப்பிதான் என்று நான் அதைக் குறிபார்த்து அடித்தேன் என்பது. உமாபதி சாட்சியாக வந்து சொன்னது, மீன் வழக்கம்போல் தான் கயிற்றை இழுத்ததால் விழுந்தது, அம்பு எங்கேயோ போயிற்று என்பது. அவன் எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் அப்படிச் சொன்னான். என் வக்கீல் சக்ரவர்த்தி ஐயங்கார், சின்னக் காஞ்சீபுரத்திலிருந்து வெயிலில் வந்து எனக்காகக் கூலி வாங்காமல் ஆஜராகிறவர், அவரும் அதையே பிடித்துக்கொண்டார். "ஜனக்கூட்டத்திலே வேணும்னே அம்பை விட்டேன்னு சொன்னீர்னா ஜெயில்தான் ஓய். வழக்கம்போலப் பாவனைதான் பண்ணினேன், கை தவறி அம்பு போயிடுத்துன்னு சொல்லிடும். எச்சரிச்சு அனுப்பிடுவா" என்று எனக்குப் புத்தி சொல்லி, அப்படியே எழுதியும் கொடுத்தார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அங்கம்மாளும், "அப்படியே சொல்லிட்டு வூட்டுக்கு வாங்க" என்று அழுதாள்.

அப்படித்தான் சொல்ல வந்தேன். ஆனால் கூண்டில் ஏறி நின்றதும் வாய் வரவில்லை. கை தவறிற்று என்றால் மீனை அடித்தது யார்? கயிறா? இத்தனை வருஷம் கயிற்றுக்கு விழுந்த மாலையைத்தான் நான் போட்டுக்கொண்டேன். இந்த வருஷம் ஒன்றுதான் என்னுடையது. அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

ஆகையால் கோர்ட்டாரைக் கேட்டுக்கொண்டேன். தடயமாக மேஜைமேல் வைத்திருக்கும் தொப்பியில் அம்பு இன்னும் பிடுங்காமல் தைத்தபடியே இருக்கிறது. அம்பைப் பிடுங்கித் தொப்பியின் உள்ளே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

(எதிரி கேட்டுக்கொண்டபடி கோர்ட்டு முன்னிலையில் அம்பு பிடுங்கப்பட்டது. தொப்பியின் மேல் ஓட்டுக்கும் உள் துணிக்கும் நடுவில் அம்பு துளைத்த ஓட்டையுடன் வட்டமாக ஒரு அரக்குச் சிவப்புப் பட்டுத் துண்டு இருந்தது. அதன் ஓரத்தில் நூல் தெறித்த நாலு தையல்கள் இருந்தன. பின்னாலிருந்து ஒரு ஸ்திரீ "அய்யோ, அது என் தையலுங்க!" என்று எழுந்து கூவினபடியால் அமைதியாக இருக்கும்படி எச்சரிக்கப்பட்டாள்.)

இப்போது காட்டப்பட்ட பட்டுத் துண்டு மீனுடைய கண். உமாபதியை நான் பொய்யன் என்று சொல்லவில்லை. அவன் கயிற்றை இழுத்தது நிஜம், இழுத்ததால் மீன் விழுந்ததும் நிஜம். அவன் இழுத்தபோது அந்த மீனுக்குக் கண் இல்லை. இதைக் கேட்டு அவனே இப்போது ஜன்னல் ஓரத்தில் நின்று சிரிக்கிறான்.

நான் தொப்பியைக் குறிபார்க்கவில்லை. மீன் கண்ணைக் குறிபார்த்தேன், வேண்டுமென்றே விட்டேன், பட்டது. மூங்கில் கூட்டில் உரசி அம்பு வேகம் குறைந்து தாழ்ந்ததால் தொப்பிக்கு வந்தது, அது என் கணக்கில் பிசகு. அதற்கு உரிய தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். இன்ஸ்பெக்டர் சம்மதித்தால் நாட்டுத் துணியில் ஒரு தலைப்பாகை நெய்து தருகிறேன். வில்லை மட்டும் வழக்கு முடிந்ததும் கோவிலுக்குத் திருப்பித் தரும்படி பிரார்த்திக்கிறேன்.

இதெல்லாம் என் வாயால் சொன்னது, ஒருவர் பயமுறுத்தலின் பேரிலும் சொன்னதல்ல. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடி சரியாக இருக்கிறது.

அடித்தல் விவரம்: வக்கீல் முன்பே எழுதித் தந்து இத்துடன் சேர்த்திருக்கும் தாளில் "கை தவறி" என்ற இரண்டு வார்த்தைகள் எதிரியின் வற்புறுத்தலின் பேரில் அடிக்கப்பட்டன. வேறு அடித்தல் இல்லை.

(ஒப்பம்) க. மயில்வாகனம்