மேலே இருந்த மூன்று வரிகள்

ஆனந்தராஜ்: ...கையெழுத்து போடு வளர்மதி. நாலு மணிக்குள்ள லெட்டர் சென்னை கம்பெனிக்குப் போகணும்.

வளர்மதி: இதுல நான் அழிச்சேன்னு இருக்குது சார்.

ஆனந்தராஜ்: அதனால இன்னா? புதுப் பொண்ணு, தெரியாம அழிச்சிட்டுதுன்னா விட்டுருவாங்க.

வளர்மதி: விட்டுட்டு... என்னை அனுப்பச் சொல்லுவாங்க.

ஆனந்தராஜ்: ரெண்டு மாசம் வீட்ல இரு. அப்புறம் கூப்புடறேன். இல்லன்னா கான்ட்ராக்ட் போயிடும். வெளிய உக்காந்திருக்கிற ஆறு பேருக்கும் வேலை இல்ல.

வளர்மதி: நான் அழிக்கல சார்.

ஆனந்தராஜ்: அதுவே நெட்ல கெடைக்கிற ஒரு டூல் தானா எழுதித் தர்ற டெம்ப்ளேட் புரோகிராம் கோடு. அதுக்குப் போய் எவனாவது லைசென்ஸ் பாப்பானா?

வளர்மதி: சும்மா எடுத்துக்கலாம், விக்கலாம். ஒவ்வொரு ஃபைல் மேலயும், எழுதுனவங்க பேரும் லைசென்ஸும் இருக்கிற மூணு வரிய மட்டும் எடுக்கக் கூடாதுன்னு...

ஆனந்தராஜ்: தெரியும், தெரியும். எல்லாம் பிள்ளையார் சுழியால வந்தது.

வளர்மதி: சுழியாலயா?

ஆனந்தராஜ்: நம்ம ஆபீஸ்ல எந்த ஃபைலா இருந்தாலும் மொத வரில சுழி போடறமே. அதுக்கு நான் எழுதுன குட்டி புரோகிராம், மேல இருந்த வரிய தூக்கிட்டு அங்க சுழிய வெச்சிட்டுது. சாமி குத்தம்னு நெனச்சிக்க.

வளர்மதி: அது ஒரு வரியத்தான சார் தூக்கும்?

ஆனந்தராஜ்: ...ஆமா.

வளர்மதி: மூணு போயிருக்குது. நானூறு ஃபைல்லயும்.

ஆனந்தராஜ்: மெதுவா பேசு.

வளர்மதி: எப்பவும் மெதுவாத்தான் சார் பேசறேன்.

ஆனந்தராஜ்: ...நான்தான் எடுத்தேன். போதுமா? சொந்தமா எழுதுனதுன்னு சொல்லித்தான் ஆர்டரே வாங்குனேன். செஞ்சில, மாடில உக்காந்து செய்யறத எவன் பாக்கப் போறான்னு நெனச்சேன்.

வளர்மதி: டூல் எழுதுனவங்க சரின்னு சொல்லிட்டா போதும்னு, அந்த வரிங்க எங்கன்னு கேட்ட கம்பெனி மெயில்லயே இருக்குதே.

ஆனந்தராஜ்: தாளகிரின்னு பேரு. வடக்கத்தி ஆளா இருப்பான். மூணு தபா மெயில் போட்டேன், ஒரு பதில் இல்ல. திமிரு புடிச்சவன்.

வளர்மதி: மூணுலயும் ‘எங்க ஸ்டாஃப் பண்ண தப்பு’ன்னு போட்டிருந்தீங்க.

ஆனந்தராஜ்: அது... உனக்கு எப்பிடித் தெரியும்?

வளர்மதி: தாளகிரி எங்க பனமலை சாமி பேரு சார். காலேஜ் படிக்கறப்ப அந்தப் பேர்ல நான் எழுதுன டூல் அது... உண்மைய எழுதி இன்னொரு மெயில் போடுங்க. நாலு மணிக்குள்ள பதில் போட்டுடறேன்.