முதலில் வந்தவள்

விடிகாலை ஐந்து மணி. மார்கழி மாதம். நம் டவுன்ஷிப்பில் ஷிப்ட் பஸ் திரும்புகிற கடைசி பிளாக். அதற்கு அப்புறம் வீடு கிடையாது... முந்திரி மரங்களும், நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கம் போகிற ஒரு தார்ச் சாலையும்தான். பனி இறங்கிவிட்டால் எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாது. அந்தச் சாலையில்தான் இது நடந்தது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கிளப்பில் பழைய பேய்ப் படம் பார்த்துவிட்டு வந்து, படம் ஒசத்தியா, அதன் மூல நாவல் ஒசத்தியா என்று அப்போதிலிருந்து அடித்துக்கொள்கிறீர்கள். இதே படத்துக்காக இதே சண்டை ஒரு வீட்டில் நடந்தது. என் சிநேகிதன் ராஜ்மோகனின் மைத்துனர் சிங்காரவேல் வீட்டில்.

சிங்காரவேல் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆள். சினிமாப் பைத்தியம். போன மார்கழியில் கிளப்பில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். மனிதர் விடவில்லை. நாவலை வாங்கிப் படித்தார். அந்தக் காலத்துப் பேய்ப் படங்களையெல்லாம் போனில் தேடித் தேடிப் பார்த்தார். தீர்ப்பு எழுதுகிற நீதிபதிகூட இவ்வளவு மெனக்கெட மாட்டார்.

நாவல் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கதை இரண்டிலும் ஒன்றுதான். இருட்டில் ஏதோ கூப்பிடுகிறது, மனைவி எழுந்து போய்விடுகிறாள். படத்தில் கணவன் வாசலில் நின்று மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், அவள் திரும்பி வருகிறாள். நாவலில்... அவன் கூப்பிடவே மாட்டான். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அதோடு புத்தகம் முடிந்துவிடும்.

சிங்காரவேலுக்கு அந்த நாவல்காரன் மேல் கோபமான கோபம். மற்றப் படங்களில் பேய்க்குச் சலங்கை வேண்டும், புகை வேண்டும், கடைசியில் ஒரு மந்திரவாதியும் வேண்டும். இந்தப் படத்தில் ஒரு புருஷனின் குரல் போதும். அதனால் நாவலைவிடவும் மற்றப் படங்களைவிடவும் இதுதான் ஒசத்தி என்றார். எனக்கும் அன்றைக்கு அதில் சம்மதம்தான்.

அவர் மனைவி சத்யப்பிரியாவுக்குச் சம்மதமில்லை. கம்மாபுரம் பக்கத்துப் பெண்.

"புஸ்தகத்துல இருக்கிறவன்தாங்க விவரமானவன்."

"என்ன விவரம்? பொண்டாட்டி போறா, மரம் மாதிரி நிக்கிறான்."

"இருட்டுல பேர் சொல்லிக் கூப்ட்டா யாரு வருவாங்கன்னு நமக்கு என்ன தெரியும்? எங்க ஊர்ல வெளக்க எடுத்துகினு தேடிப் போவாங்க. கூப்ட மாட்டாங்க."

"அப்போ நீ போயிட்டா?"

"நீங்களும் கூப்டாதீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாளாம். அவருக்கு அவள் என்றால் உயிர். அவள் ஊருக்குப் போயிருந்தால் காப்பிகூட இறங்காது.

இந்த டவுன்ஷிப்பில் நமக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். முதல் ஷிப்ட் பஸ் யாருக்காகவும் நிற்காது. போகிறவர்கள் ரோட்டில் நின்று ஒரு குரல் கொடுப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் யார் என்று கேட்காமலே "இதோ வரேன்" என்போம். கேட்டுக்கொண்டிருந்தால் பஸ் போய்விடும்.

மறுநாள் விடிகாலை. சிங்காரவேல் குளித்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து அவள் குரல்... "இதோ வரேன்."

யாரும் கூப்பிட்டதாக அவர் காதில் விழவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தால் வாசல் கதவு விரியத் திறந்திருக்கிறது. பால் பொங்கி அடுப்பு அணைந்து கிடக்கிறது. வீடு முழுக்கத் தீய்ந்த பால் வாடை, கேஸ் வாடை. அடுப்பை மூடிவிட்டு வெறுங்கையோடு ரோட்டுக்கு ஓடினார். டார்ச் ஜன்னலிலேயே இருந்தது.

ரோட்டில் பனி. ஈரக் கரியின் புகை நாற்றம். தூரத்தில் சுரங்கத்துக் கரி கொண்டுபோகிற கன்வேயர் ஓடுகிற உர்ர்ர்... வேறு சத்தமே இல்லை.

படத்தில் வருகிறபடியே கூப்பிட்டார்.

"பிரியா!"

ஒன்றுமில்லை.

"பிரியா!"

தெருக்கோடியில் பஸ் ஹாரன் அடித்தது. மூன்றாவது தடவை குரல் உடைந்தே போய்விட்டது.

"வரேங்க."

முந்திரி மரங்களின் பக்கமிருந்து வந்தாள். அதே புடவை, தோளில் அதே துண்டு. கையைப் பிடித்தார். ஜில்லென்றிருந்தது. மார்கழியில் யார் கைதான் சூடாக இருக்கும்? அப்படியே வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தார். நாலு எட்டு வைத்திருப்பார்...

பின்னால், ரொம்பத் தூரத்தில், இன்னொரு தடவை.

"வரேங்க..."

எதிரொலி என்று நினைத்தாராம். வெட்டவெளியில் எதிரொலி ஏது? பஸ் திரும்பவும் ஹாரன் அடித்தது. அவளை உள்ளே விட்டார், கதவைச் சாத்தினார், ஓடிப் போய் ஏறிக்கொண்டார்.

"முகத்தைப் பாத்தீங்களா மச்சான்?" என்று ராஜ்மோகன் பின்னால் ஒருநாள் கேட்டான்.

"பஸ் வந்துடுச்சு மச்சான்," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் கூட்டம். ஒரு மணி நேரம் படத்தைத் தூக்கிவைத்துப் பேசுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். மைக்கைப் பிடித்தார். "நாவல்தான் சரி," என்றார். இறங்கிப் போய்விட்டார்.

ஏன் என்று ராஜ்மோகனிடம் மட்டும் சொன்னார். காயத்ரி, போர்வையை இழுக்காதேம்மா, எல்லோருக்கும் குளிர்கிறது.

அவளைக் கூட்டி வந்த மறுநாள் விடிகாலை. இவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அவள் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள். சமையலில் குறையில்லை, பேச்சில் குறையில்லை. வெளியே ரோட்டில் குரல் கேட்டது. சத்யப்பிரியாவின் குரல்.

"ஏங்க... பனியில ஒண்ணும் தெரியலைங்க. எல்லா வூடும் ஒரே மாதிரி இருக்குது. நம்ம வூடு எதுங்க?"

அவருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. வாயைத் திறந்தார்.

உள்ளே இருந்தவள் மூடியை அழுத்திக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"பதில் சொல்லாதீங்க."

அவர் சொல்லவில்லை. வெளியே பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறக்கிற சத்தம். மூடுகிற சத்தம். அதற்கும் அடுத்த வீட்டுக் கேட்... அப்புறம், கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய்க்கொண்டே, அழுகிற சத்தம்.